தூக்குப்போசியில் வளர்ந்த சிக்கு

கருவேலம்புதூர் மில் மூடிப் பதினேழு வருஷம் கழித்து, ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், மில் லைன் வீடுகளில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் கண் விழித்தபோது, அவரவர் தலையணை ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக ஒரு நூல் சிக்கு கிடந்தது. யாரும் அலறவில்லை. முப்பது வருஷம், நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, காதிலும் மூக்கிலும் சோற்றிலும் நூலைப் பார்த்துப் பழகிய ஜனங்கள் அவர்கள். தலையணையில் நூல் கிடப்பது அவர்களுக்குத் தலையணையில் முடி கிடப்பது போலத்தான். சிலர் பெருக்கி வாசலுக்குத் தள்ளினார்கள். தள்ளியது மறுநாள் காலை அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது, துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு.

மூன்றாம் வரிசைச் சம்பூரணத்துக்குச் சிக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. காலைக் காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து, நகத்தால் கிள்ளி, முனை தேடி, ஒவ்வொரு சுற்றாக நெகிழ்த்தி, கடைசி முடிச்சு அவிழ்ந்த நிமிஷத்தில், மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த பீரோச் சாவி அரிசி டிரம்மின் மூடிக்கு அடியில் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மடியில் கிடந்த நூலைக் காணவில்லை. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க விஷயம் பரவிவிட்டது. கிழடுகள் மறந்துபோவது நூலாகி வருகிறது, நூலைப் பிரித்தால் மறந்தது திரும்பி வருகிறது. ஏன் வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அவரவருக்கு அவரவர் சிக்கு கிடந்தது.

ஒருவர் சிக்கை இன்னொருவர் தொட்டால் அது இறுகியது. பேரன் தொட்டாலும் இறுகியது, டாக்டர் தொட்டாலும் இறுகியது. ஆகவே சொந்த விரலை வளைய வைத்துக்கொள்வது ஊருக்கே பெரிய காரியமாகிப்போனது. மில்லின் பழைய மனமகிழ் மன்றத்தில் கேரம் பலகைகளை ஓரமாகச் சாத்திவிட்டு, நீள பெஞ்சு போட்டு, காலை பத்து மணிக்குக் கிழடுகளை உட்கார வைத்தார்கள். சிக்கு இருப்பவர் சிக்கைப் பிரிக்க வேண்டும். இல்லாதவர் விரலைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. உளுந்தும் பச்சைப்பயறும் கலந்து கொட்டிய தட்டிலிருந்து இரண்டையும் பிரிக்க வேண்டும், அல்லது கனகாம்பரம் கட்ட வேண்டும், அல்லது போல்ட்டுக்கு ஏற்ற நட்டைத் தேடி முடுக்க வேண்டும். நூல் நூற்கும் ரிங் பிரேமில் மேஸ்திரியாக இருந்த தங்கமுத்து, வேலை போய்ப் பதினேழு வருஷம் கழித்து மறுபடி கிடைத்த மேஸ்திரி உத்தியோகத்தை விடுவாரா? பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடந்து, "வெரலு நின்னா மண்டை நிக்கும், ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று விரட்டினார். பிறகு எல்லாமே அதற்கேற்ப வளைந்துகொடுத்தன. பென்ஷன் வாங்கப் போனால் வங்கியில் "இன்னைக்குச் சிக்கு எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் தாத்தாவின் சிக்கு லேசா கனமா என்று ஜாடையாக விசாரித்தார்கள். ஒரு மாதத்தில் அது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது.

ஒரே ஒரு தப்பு நடந்தது, அது மில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மில்லில் நூலில் பழுது வந்தால் யாரும் உட்கார்ந்து பிரிப்பதில்லை. பழுதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் முடிந்துவிட்டு ஓட்ட வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில், முதல் வாரத்திலேயே, பஞ்சு சீவும் கார்டிங்கில் வேலை பார்த்த பழனாண்டி தனக்கு வந்த முரட்டுச் சிக்கு ஒன்றைக் கத்தரியால் வெட்டி, நல்ல முனைகள் இரண்டை எடுத்து முடிந்துவிட்டார். நூல் ஒழுங்காக மறைந்தது. ஆனால் அன்றிலிருந்து பழனாண்டிக்குத் தன் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றியது ஞாபகம் இருந்தது, அதற்கு அடுத்தபடியாகப் பெண்டாட்டிக்குக் கொள்ளி வைத்தது ஞாபகம் இருந்தது, நடுவில் அவளோடு வாழ்ந்த முப்பத்தொன்பது வருஷம் இல்லை. அதற்குப் பிறகு மன்றத்துக்குள் கத்தரி கொண்டுவரக் கூடாது என்று தங்கமுத்து சுவரில் எழுதி வைத்தார்.

துளசிமணி, நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தவள். இப்போது அறுபத்தொன்பது வயது. ஓடுகிற நூலில் ஒரு மயிரிழை தடிப்பு வந்தால்கூடக் கண் பார்ப்பதற்கு முன் அவள் விரல் பார்த்துவிடும்; வெட்டி, முடிந்து, விட்டிருப்பாள். அவள் புருஷன் வெள்ளிங்கிரி மில் மெஷின்களைப் பழுது பார்த்த பிட்டர், எழுபத்தைந்து வயது. சிக்கு வந்த முதல் மூன்று மாதம் இருவரும் சேர்ந்தே மன்றத்துக்குப் போனார்கள், சேர்ந்தே திரும்பினார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் தீப்பெட்டி வைத்த இடமும் நாத்தனார் மருமகள் பேரும்தான், பத்து நிமிஷத்தில் பிரித்துவிடுவாள். அவருக்குக் கொஞ்சம் கூட வரும். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெள்ளிங்கிரி எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் கேட்காத குரலில், "ஏ புள்ள, இந்து இந்த ஞாயித்துக்கெழம வாராளா, இல்ல ஓவர்டைம்னு சொல்லிப்போட்டாளா?" என்று கேட்டார்.

துளசிமணியின் கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது. இந்து என்ற இந்திராணி அவர்களுக்கு ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் வேலை, ஹாஸ்டலில் வாசம், ஞாயிறு வீட்டுக்கு வந்து திங்கள் விடியலில் திரும்பிப் போவாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அப்பாவின் மொபெட்டில் போவாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, ரயில்வே கேட்டைத் தாண்டின இடத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவளின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டியை ஓட்டியது வெள்ளிங்கிரி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் யாரோடும் பேசவில்லை. மொபெட்டைத் தொடவில்லை, கேட்டுப் பக்கம் போகவில்லை, எங்கே போனாலும் நடைதான். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் பேசாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவள் பேசாததற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்று வாசலில் நின்று வழியனுப்பியபோது மகளின் துப்பட்டா ஒரு பக்கம் தொங்குவதைத் துளசிமணி பார்த்தாள். இழுத்து முடிந்துகொண்டு உட்காரடி என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே அடுப்பில் பால் பொங்கியது, ஓடிவிட்டாள். பாலை இறக்கிவிட்டு வந்தபோது வண்டி தெரு முனை திரும்பியிருந்தது.

அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதன் சுமையில் பாதி இறங்கியிருக்கும். அவள் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, அப்புறம் சொல்ல முடியாத காலமும் வந்து, அப்புறம் அது அவளுக்குள்ளேயே கிடந்து இறுகிப்போயிற்று.

அவர் பல் விளக்கப் போன நேரத்தில் துளசிமணி தலையணையைப் பார்த்தாள். அளவில் எலுமிச்சம்பழம்தான், கனம் எடைக்கல். தொட்டதும் அவள் விரலுக்கு அடியிலேயே இன்னும் கொஞ்சம் இறுகியது. அதை அவர் மில்லுக்குச் சோறு கொண்டுபோன பழைய தூக்குப்போசிக்குள் போட்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடி, பரணில் வைத்தாள். ஒரு நாளைக்கு இந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டுமே என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலை அது தலையணைக்குத் திரும்பி வரவில்லை, போசிக்குள்ளேயே இருந்தது. அவளுக்கும் ஒரு நாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் பத்து நாளாகிவிட்டது.

ஏனென்றால் வெள்ளிங்கிரி சீட்டியடித்தார். தாடியை ஒழுங்காக மழித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எள்ளு முறுக்கு வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார், மூன்று மணிக்குத் திரும்பி வந்து "பஸ்ஸ விட்டுட்டா போல" என்றார், திங்கட்கிழமை அதை மறந்தார். "வெளிய யாருகிட்டயும் இந்து பேச்ச எடுக்காதீங்க, வரன் கூடி வர்ற நேரம், கண்ணு பட்டுரும்" என்று துளசிமணி சொல்லிவைத்தாள். அவரும் குழந்தை மாதிரித் தலையாட்டினார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், அவளுக்கு ஒன்பது போதவில்லை. இந்துவுக்குச் சம்பளம் ஏறியது, ஹாஸ்டலில் அறை மாறியது, சளிப் பிடித்துக் குணமானது. எல்லாவற்றையும் துளசிமணி அவருக்குச் சொன்னாள், சொல்லும்போது ஒவ்வொன்றும் எங்கோ நடந்துகொண்டிருப்பது போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மாதங்களில் அவளும் உயிரோடிருக்கிற ஒரு பெண்ணுக்குத் தாயாக இருந்தாள்.

மார்கழியில் பரணிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். தூக்குப்போசியின் மூடி ஒரு விரற்கடை மேலே எழும்பியிருந்தது. எலுமிச்சை ஆரஞ்சாகியிருந்தது. கொஞ்ச நாளாகவே அவர் தலையணையில் சிக்கு எதுவும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் மறந்தது, தலையணைக்கு வராமல், நேராகப் போசிக்குள் போய் அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவளே அதை ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று சனிக்கிழமை, அவர் மறுநாளுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

தைக்குள் அவருக்குச் செருப்பில் இடது வலது போனது. மாசியில் தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின. பங்குனியில் அண்ணன் தம்பி பேரெல்லாம் போனது. துளசிமணி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், எதிரில் வருகிறவர் பேரை அவர் காதில் முன்கூட்டியே ஓதினாள், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். ஊருக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், வெள்ளிங்கிரி பிட்டருக்குச் சிக்கே வருவதில்லை. பத்து மணிக்கு வந்து உட்காருகிறார், உளுந்து வேறு பயறு வேறாகப் பிரித்து வைக்கிறார், அரை இஞ்சுக்கு அரை இஞ்சு, முக்கால் இஞ்சுக்கு முக்கால் என்று கண் மூடி நட்டு முடுக்குகிறார், வாயைத் திறந்து சண்டை போடுவதில்லை, சிரித்த முகம். "பாத்துக்குங்க, இதுதான் மண்டை!" என்று தங்கமுத்து அவரைக் காட்டி மற்றவர்களைத் திட்டினார். பக்கத்து மில் லைனிலிருந்து பார்க்க வந்தார்கள். இவர் என்ன சாப்பிடுகிறார், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று துளசிமணியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அவள் கொள்ளுப் பருப்பு என்றாள், வெந்தயம் என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, போசி போதாமல் குழம்புக் குண்டாவுக்கு மாற்றிய சிக்கை ஏறிப் பார்ப்பாள். அது தேங்காய் அளவுக்கு வந்திருந்தது.

ஆடி இரண்டாம் ஞாயிறு, சிக்கு வந்து ஒரு வருஷம் நிறைவதை ஒட்டி மன்றத்தில் விழா வைத்தார்கள். விழாவுக்கு நாயகன் யார்? சிக்கே வராத வெள்ளிங்கிரி. அவருக்குப் பொன்னாடையும் மாலையும் போட முடிவாயிற்று.

அன்று காலை துளசிமணி வெந்நீர் விளாவிவிட்டு அவரை எழுப்பப் போனாள். அவர் ஏற்கெனவே எழுந்து, கட்டிலின் ஓரத்தில், பிறத்தியார் வீட்டுக்கு வந்தவர் போல முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்கம்மிணி," என்றார். "நீங்க யாருன்னு தெரியிலீங்க. இந்த வூட்டுல எங்கூட்டுக்காரி இருப்பா, பாத்தீங்களா? சித்த கூப்புடுறீங்களா?"

"இப்ப வந்துருவாங்க, உக்காருங்க" என்றாள் துளசிமணி. வேறென்ன சொல்ல முடியும்? பரணில் குண்டாவின் மூடி கழன்று விழுந்து, உருண்டு, சுவரில் மோதி நின்ற சத்தம் கேட்டது.

தங்கமுத்து மேளக்காரரோடும் நாலு பேரோடும் வந்து வெள்ளிங்கிரியைக் கூட்டிப்போனார். யார் கூப்பிட்டாலும் போகிற ஆளாகி இருந்த அவர் சிரித்துக்கொண்டே போனார். "நீங்க பின்னாலயே வந்துருங்க" என்று துளசிமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு சாத்திய பிறகு அவள் ஏணியில் ஏறி, சிக்கை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். அதன் மேல் சுற்று இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கடைசியாக மறந்த அது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பெட்டியின் அடியிலிருந்து வைண்டிங் கத்தரியை எடுத்தாள். இருபத்தெட்டு வருஷம் பழுதை மட்டும் வெட்டி எடுத்து, நல்ல நூலில் ஒரு அங்குலம்கூட வீணாக்காதவள் என்று பேர் வாங்கியவள். இதற்குள் பழுது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், நட்ட நடுவில். ஒரே வெட்டு. நடுவை எடுத்துவிட்டு, மிச்சத்தை முடிந்துவிட்டால் அந்தத் திங்கட்கிழமை மட்டும் போய்விடும். அவருக்குப் பழி இருக்காது. அவளும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. கத்தரியின் நுனியைச் சிக்குக்குள் விட்டாள். நடுவுக்குப் போக வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது கத்தரி போனபோதுதான் புரிந்தது. நுனி போன அளவிலேயே நின்றுவிட்டாள். வெட்டவும் முடியவில்லை, எடுக்கவும் மனசில்லை.

"துளசீ, மாலைய வெச்சுக்கிட்டு எல்லாரும் உன்னத்தான் தேடறாங்கொ" என்று வாசலில் குரல் கேட்டது. பழனாண்டி, சொன்ன கையோடு உள்ளேயும் வந்துவிட்டார். தேங்காய் அளவுச் சிக்கையும் கத்தரியையும் பார்த்தார். விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்.

"அது என்ன சிக்குன்னு நாங் கேக்கல," என்றார். "ஒன்னே ஒன்னு சொல்றேன். என்ர சிக்கு ஏன் முரடா இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அவ நோவுல கெடந்த ஆறு மாசம் அதுக்குள்ள இருந்துருக்குது, ஊருல சொல்லித்தான் தெரியும். பழுதுன்னு நெனச்சு வெட்டுனேன். அது போச்சு. கூடவே அவ சிரிச்சதும் போச்சு, சண்ட போட்டதும் போச்சு. தெனமும் ஒருத்தர்கிட்ட கேக்கறேன், என்ர சம்சாரம் எப்படி இருப்பான்னு. செவப்புங்கறாங்க, குட்டைங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது அந்த ரசம் மட்டுந்தான்."

துளசிமணி கத்தரியைக் கீழே வைத்தாள். சிக்கை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு, பழனாண்டி முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். மன்றம் நிறைந்திருந்தது. வெள்ளிங்கிரி மாலையும் கழுத்துமாக மேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். தங்கமுத்து மைக்கில் கொள்ளுப் பருப்பின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். துளசிமணி நேராக மேடைக்குப் போய், முந்தானையை விலக்கி, சிக்கைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"இது அவரோடதுங்க," என்றாள். மைக் அதை மன்றம் முழுக்கக் கொண்டுபோனது. "ஒன்பது மாசமா நாந்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன். இன்னைக்குக் காத்தால என்னையே யாருன்னு கேட்டுட்டாரு."

மன்றம் கொதித்தது. "அடிப்பாவி" என்றது ஒரு குரல். "நாங்க வெந்தயத்த முழுங்கி முழுங்கிச் செத்தமே" என்றது இன்னொன்று. தங்கமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "மில்லுல நூல ஒளிச்சா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிருப்பேன்" என்றார். துளசிமணி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதானே? அதற்குள் யாரும் கவனிக்காமல், வெள்ளிங்கிரி சிக்கைத் தன் பக்கம் இழுத்து, திருப்பி, உருட்டி, பிட்டர் கண்ணால் அதை அளந்து, முனையைக் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் சுற்று நெகிழ்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துளசி," என்றார், "நீ எதுக்கு நின்னுக்கிட்டிருக்கற? உக்காரு."

கூச்சல் சட்டென்று அடங்கியது. துளசிமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பதினோரு மணிக்குப் பத்மாவதி டீச்சர் வீடும் தண்ணீர்த் தொட்டி வீதியும் வந்தன. பன்னிரண்டுக்கு அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஒவ்வொரு பேரையும் சத்தமாகச் சொன்னார், மன்றம் ஆமாம் ஆமாம் என்றது. சமைத்து வைத்த விருந்து ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து போகவில்லை. திட்டியவர்களே வந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். செருப்பில் இடது எது வலது எது என்பது வந்தபோது குனிந்து தன் காலைப் பார்த்து அவரே சிரித்தார். தேங்காய் ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு எலுமிச்சையாயிற்று. அதற்கு மேல் விரல் போகவில்லை. உருண்டை கல் மாதிரி இருந்தது.

தங்கமுத்து குனிந்து துளசிமணியிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இத்தோட நிறுத்தோணும்னா நிறுத்திக்க. உன்னத் தெரிஞ்சுதல்ல அவனுக்கு. ஆனா மறுபடியும் சுத்திக்கிட்டு வளரும், அதயும் தெரிஞ்சுக்க."

வெள்ளிங்கிரி உருண்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுக்குள்ள என்ன புள்ள இருக்குது? இந்த எறுக்கம் எறுகிக் கெடக்குது."

மில்லு இருக்கிறது, ஆயுத பூஜை இருக்கிறது, வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதைப் போய்ப் பிரிக்காதீங்க, பசிக்குது, சாப்பிடலாம் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துவிடலாம். நாக்கு அந்தப் பொய்களுக்கெல்லாம் பழகித்தான் இருந்தது.

"இந்து இருக்கறா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! இன்னைக்கு ஞாயித்துக்கெழம வேற" என்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊரில் உள்ள ஆசையெல்லாம் விரலுக்கு வந்தது போல வேலையில் இறங்கினார். மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும், அந்தச் சாவுக்குத் துக்கம் கேட்கப் போனவர்கள்தான் எல்லோரும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பழனாண்டி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். துளசிமணி மட்டும் கண்ணை எடுக்காமல் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மகள் பிறந்த ஆஸ்பத்திரி வந்தது, அவர் சிரித்தார். காதுகுத்தில் நடந்த சண்டை வந்தது, சிரித்தார். திருப்பூர் பஸ் வந்தது. மொபெட் வந்தது.

விரல் நின்றது. இன்னும் ஒரே ஒரு கண்ணிதான் பாக்கி இருந்தது, ஊதினால் கழன்றுவிடும். அவர் ஊதவில்லை. முகத்திலிருந்த மலர்ச்சி மேலிருந்து கீழாக மெதுவாக வடிந்தது. அவர் துளசிமணியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். அவள் அசைக்கவில்லை. அவர் கண்ணியை இழுத்தார்.

மடியில் நூல் இல்லை. வெள்ளிங்கிரி தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "வண்டிய நாந்தானே ஓட்டுனேன்" என்றார்.

"ஆமாங்க," என்றாள் துளசிமணி. பத்தொன்பது வருஷம் வாயில் அடைத்துக் கிடந்தது அதற்குப் பின்னாலேயே வந்துவிட்டது. "அவ துப்பட்டா தொங்குச்சுங்க. நான் வாசல்லயே பாத்தேன். சொல்லோணும்னு வாயெடுத்தேன், பால் பொங்கிருச்சு, உள்ள ஓடிப்போட்டேன். சொல்லியிருந்தா இருந்திருப்பா. நான் பாத்தங்க, பாத்துட்டுச் சொல்லாம உட்டுட்டேன். அதையும் உங்க தலையிலயே சொமத்திப்போட்டு இத்தன வருசம் சும்மா இருந்துட்டேன்."

மன்றமே அவர் வாயைப் பார்த்தது. துளசிமணி, அடி விழப்போகிறவள் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடித்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி, இனிமேல் முகத்திலேயே விழிக்காதே என்றாலும் சரி என்று இருந்தாள்.

வெள்ளிங்கிரி கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னேன் புள்ள," என்றார். "கேட்டு போட்டுருந்துச்சு. ரயிலு போற வரைக்கும் நின்னோம். திரும்பிப் பாத்தேன், தொங்குச்சு. எடுத்து முடிஞ்சுக்க சாமீன்னு நான் சொன்னேன். அவ கேக்கல. சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே, 'போங்கப்பா, நீங்களும் அம்மா மாதிரியே'ன்னா. கேட்டத் தொறந்துட்டாங்க."

அவர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துளசிமணி அதை அதுவரை கேட்டதில்லை. மகள் கடைசியாகப் பேசிய பேச்சு ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது, அதில் தானும் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அந்த மன்றத்தில், அத்தனை பேருக்கு நடுவில், அப்போதுதான் தெரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு இடையில் கேட்டாள்:

"சிரிச்சாளா? எப்படிச் சொன்னா? இன்னொருக்காச் சொல்லுங்க."

வெள்ளிங்கிரி இன்னொரு தடவை சொன்னார்.